குறுந்தூர வான்வழித் தனிவழிகாட்டிப் பயணம்: செண்பகத்தோப்பு வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு நாட்டுக்குப் பறந்துபோகும் நேரம் எவ்வளவு குறைகிறதோ, அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசும் நேரம் அவ்வளவு கூடும். இது முதல் நூற்பா.

என்னை? எனின், அமெரிக்காவுக்குப் போகிறவனை விசா பயம் ஊமையாக்கிவிடுகிறது. கொழும்புக்குப் போகிறவனுக்கு அந்தப் பயம் இல்லை, ஆகவே பேசுகிறான். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம் போல. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் அதைவிடக் கூடுதலாகும். வழியில் டி.கல்லுப்பட்டியில் டீ குடிக்க இறங்கினால் கணக்கே வேறு.

ஆய்வுக் களம் செண்பகத்தோப்பு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரம். வனத்துறையின் சோதனைச் சாவடி, காட்டழகர் கோயிலுக்குப் போகும் பாதை, தண்ணீர் இருந்தால் ஓடை. ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் புளியோதரைத் தூக்குகளோடு குடும்பங்கள் வந்திறங்கும் இடம். சாப்பிட்டுக் கை கழுவியதும் யாராவது ஒருவர், "முழுப் பரீட்சை லீவுக்கு சிலோன் போவமா?" என்பார். மதுரையின் முதல் வெளிநாட்டு விமானம் 2012 செப்டம்பர் 20 அன்று கொழும்புக்குப் பறந்தது முதல் இக்கேள்விக்கு ஒரு நியாயம் வந்துவிட்டது. அதற்குமுன் அது வெறும் ஏப்பம்.

உடனே குழு அமையும். பெரியப்பா தலைவர். கல்லூரியில் படிக்கும் பையன் செயலாளர். செல்போன் அவனிடம் இருப்பதுதான் தகுதி. முதல் தீர்மானம் எப்போதும் ஒன்றே: ஊர்பேர் தெரியாத கும்பலோடு போகக் கூடாது, தனி வேன், தனி கைடு. இதற்கான காரணத்தைச் சுற்றுலாத் துறையினர் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். எங்கள் மதினி ஒரே வரியில் முடித்தார்: "கும்பலோட போனா அவன் நிறுத்துற எடத்துலதான் ஒண்ணுக்குப் போகணும்." இத்துறையில் இதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

இரண்டாம் நூற்பா: தனிவழிகாட்டிப் பயணத்தின் பயன் வெளிநாட்டைப் பார்ப்பதன்று, வெளிநாடு நம்மேல் படாமல் பார்த்துவருவது. இதற்குச் சான்று, குழு வழிகாட்டியிடம் அனுப்பும் கேள்விப் பட்டியல். சிகிரியா மலைக்கோட்டை எந்த நூற்றாண்டு என்று ஒருவரும் கேட்பதில்லை. சைவ ஓட்டல் உண்டா, வென்னீர் கிடைக்குமா, வேனில் ரைஸ் குக்கர் வைக்க இடம் இருக்குமா என்பனவே கேள்விகள். சிகிரியாவைப் பற்றி ஒரே ஒரு ஐயம் எழும்: படி எத்தனை? ஆயிரத்துக்கு மேல் என்று பதில் வந்ததும், பெரியம்மா கீழேயே இருந்து பைகளைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொள்கிறார். இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டினால் சார்க் நாட்டவர் என்ற கணக்கில் நுழைவுக் கட்டணம் குறையும் என்று தெரிந்த பிறகு அவருக்கும் டிக்கெட் எடுக்கப்படுகிறது. சலுகையை விடக் கூடாது அல்லவா.

கடிகாரம் மட்டும் ஏமாற்றிவிடும். 1996-இல் இலங்கை தன் நேரத்தை முன்னே தள்ளிவைத்தது. அந்தப் பத்தாண்டுகளில் போயிருந்தால் முள்ளைத் திருப்பிவைக்கும் பெருமை கிடைத்திருக்கும். 2006 ஏப்ரலில் மறுபடி நம் நேரத்துக்கே வந்துவிட்டார்கள். வெளிநாடு போய்வந்ததற்குக் கையில் ஓர் அடையாளமும் இல்லாமல் போயிற்று.

கூடக் கொண்டுபோகும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா விவகாரம் தனி நூலுக்கு உரியது; 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இப்பண்டம் விமானக் கைப்பையில் திடமா திரவமா என்பதில் இரண்டு சித்தப்பாக்கள் இன்றும் பேசிக்கொள்வதில்லை.

இனி அணில். செண்பகத்தோப்பைச் சுற்றிய காடு 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயம் ஆனது. 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமும் ஆயிற்று. பூனை அளவு இருக்கும் இந்த அணில் உலகில் இரண்டே இடங்களில் வாழ்கிறது: தென்னிந்தியா, இலங்கை. மரத்தை விட்டு இறங்குவது அபூர்வம். நம்மவர்கள் பத்தடிக் கீழே புளியோதரை தின்றுகொண்டிருப்பார்கள், தலை நிமிராது. அவர்களே கண்டிக்கு மேலே மலைப்பாதையில், வழிகாட்டியுமான சாரதி வேனை ஓரங்கட்டி, "அந்தா பாருங்க ஐயா" என்றதும் கூட்டமாக இறங்கிப் படம் எடுத்தார்கள். "இது எங்கூர்லயே இருக்கு" என்றார் பெரியப்பா, கொடுத்த காசு வீணாகிவிட்டதைப் போன்ற குரலில். பார்த்திருக்கிறீர்களா என்று சாரதி கேட்டதற்கு விடை வரவில்லை.

அந்தச் சாரதி மலையகத் தமிழர். "எங்க பூட்டன் ராமநாதபுரம் ஜில்லாவாம், ஊர் பேருதான் தெரியாதுங்க ஐயா" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் 1985 வரை அந்த ஜில்லாவில்தான் இருந்தன. அவருடைய பூட்டன் காலத்திலும் வழிகாட்டி உண்டு. கங்காணி என்று பெயர். ஊருக்கே வந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பார், முன்பணம் கொடுப்பார், கப்பலேற்றுவார். உணவு, தங்குமிடம் எல்லாம் அவர் ஏற்பாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்களில் பலர் காலராவில் விழுந்தார்கள். பிழைத்தவர்களின் கடன் துண்டுச் சீட்டில் ஏறியது. கடனைத் தீர்ப்பவர் அவர்களை அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோகலாம். 1921-இல்தான் துண்டு முறை ஒழிந்தது. நம் இரண்டாம் நூற்பா இவர்களுக்குப் பொருந்தாது. வெளிநாடு அவர்கள்மேல் முழுக்கப் பட்டது.

வேனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மதினி ரைஸ் குக்கரைத் திறந்து, "முதல்ல நீங்க சாப்பிடுங்கண்ணே" என்றார். அன்றிலிருந்து வழிகாட்டியைக் குடும்பம் வழிநடத்தத் தொடங்கியது. எங்கே நிற்பது, எந்தக் கடையில் தேயிலை வாங்குவது, அவர் மூத்த பெண்ணை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்பதெல்லாம் பின்சீட்டில் முடிவாயின. நுவரெலியாவில் அவர் காட்ட நினைத்த இடங்களில் பாதி விட்டுப்போயிற்று. அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

ஒருவர் இடைமறித்து, இத்தனை கேட்டபின் செண்பகத்தோப்புக்கே ஒரு வழிகாட்டி வைத்துக்கொண்டு காலையில் போய், தலையை நிமிர்த்தி அணில் பார்த்துவிட்டு மத்தியானம் திரும்பலாமே, செலவும் மிச்சமாகுமே எனின், அற்றன்று. செலவு மிச்சமாகும் என்பது மெய்யே. ஆனால் அதைச் சம்பந்தி வீட்டில் சொல்லிக்கொள்ள முடியாது.