படிக்காததற்கு ஒரு சான்று

படித்ததற்குச் சான்றிதழ் கேட்பது உலக வழக்கம். படிக்காததற்கும் கேட்பது நம் வழக்கம். அதன் பெயர் முதல் பட்டதாரிச் சான்றிதழ். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்று நிரூபித்தால், கலந்தாய்வு வழியாகப் பொறியியல் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன்.

பிளஸ் டூ முடித்த எங்கள் தெருப் பையனுக்குத் துணையாக இ-சேவை மையத்துக்குப் போனேன். கட்டணம் 60 ரூபாய். முதலில் ஓடிபி வரவேண்டும். வந்தது, ஆனால் ஆதாரோடு இணைத்திருந்த பழைய சிம்முக்கு. அது எந்தக் கிணற்றில் கிடக்கிறதோ!

ஒருவழியாக விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்குப் போய், அங்கிருந்து துணை வட்டாட்சியரிடம் ஏறியது. "நான் பத்தாவது ஃபெயிலுன்னு ஊருக்கே தெரியும். இதுக்கு மூணு ஆபீசர் பாக்கணுமா சார்?" என்றார் பையனின் அப்பா. முப்பது வருடமாக மறைத்துவந்த மதிப்பெண் பட்டியலை அன்றுதான் முதன்முறையாகப் பெருமையோடு எடுத்து நீட்டினார்.

சிக்கல் அக்காவால் வந்தது. பி.காம்.மில் மூன்று அரியர். மறுதேர்வு முடிவு அந்த வாரம். "தேறிடாதடி, தம்பிக்குச் சான்றிதழ் வந்துரட்டும்" என்று அம்மா மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள்.

அக்கா மூன்றிலும் பாஸ்.