வாய் வைத்தியம்

உதட்டைச் சுற்றிப் பொரிப்பொரியாக ஏதோ கிளம்பியதிலிருந்து, பேசும்போது எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். அடடா, நம் பேச்சை இவ்வளவு உன்னிப்பாகக் கேட்கிறார்களே என்று பூரித்துத் திரிந்தேன்.

"பல்லி எச்சம் பட்டிருக்கும்டா" என்றார் அத்தை. நான் படித்தவன் இல்லையா? பரு என்று நானே தீர்மானித்து, டூத் பேஸ்ட்டைத் தடவிக்கொண்டு படுத்தேன். காலையில் தலையணை உறை மட்டும் புதினா வாசனையோடு புத்துணர்ச்சியாக இருந்தது.

அடுத்தது மெடிக்கல் ஷாப். "அண்ணே, நல்ல கிரீமா ஒண்ணு குடுங்க." கொடுத்தார். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் பொடி எழுத்து. கண்ணாடி போடாததால் அது எனக்குப் பொருந்தவில்லை.

உள்ளே இருந்தது ஸ்டீராய்டு. தடவினால் சிவப்பு சட்டென்று அடங்கும். நிறுத்தினால் சொந்தபந்தத்தோடு திரும்பி வரும். மறுபடி தடவல். டியூபை அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கித் தீர்த்துவிட்டு இன்னொன்று வாங்கினேன். பேரம் பேசித் தள்ளுபடிகூடக் கிடைத்தது.

கடைசியில் தோல் டாக்டரம்மாவிடம் போனேன். லென்ஸ் வைத்துப் பார்த்தார். உதட்டை ஒட்டி ஒரு நூல் அகலத்துக்குத் தோல் சுத்தம். அதைத் தாண்டியதும் பொடிப்பொடியாகச் சிவப்பு. "இது பரு இல்ல சார், பெரிஓரல் டெர்மடைட்டிஸ். என்னென்ன தடவினீங்க?" சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தவர், பேஸ்ட்டுக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டார். அதிலுள்ள ஃப்ளூரைடே சிலருக்கு இதைக் கிளப்பிவிடுமாம்.

உதட்டருகே வருவதெல்லாம் ஒன்றில்லை என்றும் விளக்கினார். சுருக்கென்ற எரிச்சலோடு நீர்க்கொப்புளம் கொத்தாக வந்தால் அது ஹெர்பீஸ், வேறு மருந்து. வலியோ அரிப்போ இல்லாத வெளிர்மஞ்சள் புள்ளிகள் என்றால் வெறும் எண்ணெய்ச் சுரப்பி, 1896இல் ஃபோர்டைஸ் என்ற அமெரிக்க டாக்டர் விவரித்தது, வைத்தியமே தேவையில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் தேடினேன். அதுவும் இருந்தது.

எனக்கான சிகிச்சை, மாத்திரை போக, சும்மா இருப்பது. கிரீம், லிப் பாம், ஆஃப்டர் ஷேவ் எதுவும் கூடாது. ஸ்டீராய்டை விட்டதும் முதலில் இன்னும் சிவந்து கொதிக்கும். அடங்க வாரக்கணக்கில் ஆகும். சும்மா இருப்பதில் ஆபீஸில் எனக்கு நல்ல பெயர் உண்டு. ஆனாலும் மறுநாளே கை டியூபைத் தேடியது.

காணோம். "உங்க மச்சான் மூக்குல ஏதோ பருன்னு எடுத்துட்டுப் போனான். பிரமாதமான கிரீம்னு நீங்கதான் சொன்னீங்களாமே" என்றாள் மனைவி.