பாட்டு வெட்டு படலம்

மச்சான் மகள் சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, மொட்டை மாடியில் குடும்பத்தையே ஆடவிட்டுப் படமும் பிடித்துவிட்டாள். எடிட்டிங்குக்குப் பதினைந்தாயிரம் கேட்டார்களாம். "நாலு நிமிஷப் பாட்டை வெட்டி ஒட்டப் பதினைந்தாயிரமா? அதை நானே செய்வேனே" என்று சாப்பிட்டுக்கொண்டே ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மறுநாள் காபிக்கு முன்னால் பென்டிரைவ் வந்துவிட்டது.

டாவின்சி ரிசால்வ் இலவசமாகவே கிடைக்கிறது. ஹாலிவுட்காரர்கள் கைவைக்கும் மென்பொருள் ஓசியில் என்றால், கறிவேப்பிலைக்குக் காசு கொடுத்தறியாத பரம்பரையில் வந்தவன் விடுவேனா?

மூன்று போன்களில் எடுத்த படம். பாட்டோடு மூன்றையும் பொருத்த, ஆரம்பத்தில் யாராவது ஒரு முறை கைதட்டியிருக்க வேண்டும். ஒலிக்கோட்டில் அந்தத் தட்டு பனைமரம் மாதிரி நிமிர்ந்து நிற்கும். மூன்று மரங்களையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தினால் வேலை முடிந்தது. யாரும் தட்டவில்லை. நல்லவேளை, மாடி மூலையில் என் மாமியார் ஜவ்வரிசி வடாமுக்குக் காவல் இருந்தார். காக்கையை விரட்ட அவர் குச்சியால் தரையில் போட்ட 'டப்' மூன்று போனிலும் கணீரென்று விழுந்திருந்தது. அதை வைத்துப் பொருத்தினேன்.

அப்படியும் பாட்டு முடிந்த பிறகு மச்சான் ஒரு சொல்லை மென்றுகொண்டே இருந்தார். போன் நொடிக்கு 30 ஃப்ரேம் என்று சொல்லிக்கொள்ளுமே தவிர, நேரத்துக்குத் தகுந்தாற்போல் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும்தான் எடுக்கும். முதலில் அதை ஒரே சீரான வேகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நான் சினிமாக் களை வரட்டும் என்று டைம்லைனை 24 ஃப்ரேமில் வைத்திருந்தேன். எங்கள் பாட்டு நிமிடத்துக்கு 100 தட்டு. கணக்குப் போட்டால் ஒரு தட்டுக்கு 14.4 ஃப்ரேம். அந்தப் புள்ளி நாலை எங்கே கொண்டுபோய் வைப்பது? 30 என்று வைத்திருந்தால் சுளையாகப் 18.

தாளத்துக்கு வெட்ட வேண்டும் என்று படித்ததால் ஒவ்வொரு தட்டுக்கும் வெட்டினேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, கரண்ட் போய்ப் போய் வருதா?" என்றாள்.

அறிவைத் தேடி வால்டர் மர்ச்சிடம் போனேன். 'அபோகலிப்ஸ் நவ்' படத்தின் எடிட்டர்களில் ஒருவர். எங்கே வெட்டுவது என்பதற்கு மதிப்பெண்ணே போட்டு வைத்திருக்கிறார்: உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு வெறும் 10. ஆகா, தாளம் போனால் போகட்டும் என்று உணர்ச்சியைப் பிடித்துக்கொண்டேன். அந்த 51 சதவீதம் எங்கள் வீட்டில் வேறு மாதிரி வேலை செய்தது.

"உங்க அக்காவுக்கு நாலு ஷாட். எங்க அண்ணிக்கு ரெண்டே ரெண்டு. அதுலயும் ஒண்ணுல முதுகு."

"அந்த இடத்துல அக்கா முகத்துல ஒரு பாவம் வந்துச்சு..."

"எங்க அண்ணிக்கு பாவமே வராதா?"

அண்ணிக்கு இரண்டு ஷாட் கூட்டினால் அக்கா போன் செய்தாள். மர்ச் வீட்டில் நாத்தனார்கள் கிடையாது போலும். இருந்திருந்தால் கதைக்கு 23 ஒதுக்கியிருக்க மாட்டார்.

சமரசமாக இருவரையும் ஸ்லோ மோஷனில் விட்டேன். சினிமாவில் இதற்குப் பாட்டையே இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, நொடிக்கு 48 ஃப்ரேமில் எடுப்பார்கள். 24ல் ஓட்டும்போது ஆட்டம் மிதக்கும், உதடு மட்டும் பாட்டோடு ஒட்டி நிற்கும். நமக்கு ஏது அதெல்லாம்? இரண்டு பெண்மணிகளும் ஆளுக்கொரு கொட்டாவி விட்டார்கள்.

படத்தில் உருப்படியான வெட்டு ஒன்றே ஒன்றுதான். மாமியார் குச்சியை ஓங்குகிறார்; குச்சி பாதி தூரம் இறங்கும்போது வெட்டினால், அடுத்த ஷாட்டில் பாட்டு எழுதிய பாப்பாவின் கை அதே வேகத்தில் கீழே வருகிறது. அசைவின் நடுவில் வெட்டினால் ஒட்டு தெரியாது என்பது சும்மா இல்லை. அதை நானே ரசித்துத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

கடைசியில் கலர். நிழலில் நீலப்பச்சை, முகத்தில் ஆரஞ்சு. இப்போது எல்லாப் படத்திலும் இதுதானே. நானும் அடித்தேன். மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏன் மாப்பிள்ளை, பொரிச்ச வடாமையா நான் வெயில்ல காயப்போட்டேன்?"

ஒரு நிறத்தை மட்டும் தொட்டுத் தனியாகத் திருத்த குவாலிஃபயர் என்று ஒன்று இருக்கிறது. வடாமைத் தொட்டு, மஞ்சளை உருவி, பளீரென்று வெளுத்தேன். மாமியாருக்கு முழுத் திருப்தி. பாட்டு குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது.

மச்சான் தலைக்கு மருதாணி பூசுகிறவர். மருதாணித் தலையும் ஆரஞ்சு, என் வடாமும் ஆரஞ்சு. குவாலிஃபயர் இரண்டையும் சேர்த்தே வெளுத்திருந்தது. முதல் சரணத்தில் ஐம்பது வயதில் ஆடத் தொடங்கியவர், வடாம் தட்டு வரும் இரண்டாவது சரணத்தில் பஞ்சுத் தலையோடு சுழன்றுகொண்டிருந்தார். அண்ணி ஒரு வரி அனுப்பியிருந்தார்: "எடிட்டருக்குப் பதினைந்தாயிரம் நானே தருகிறேன்."