பாசமா, பிஸ்கட்டா?

கே: நான் வேலை முடிந்து வருவதற்குள் எங்கள் நாய் வாசலுக்கு வந்துவிடுகிறது. 'பாசம்' என்கிறேன் நான். 'பிஸ்கட்' என்கிறார் என் கணவர். நீங்கள் யார் கட்சி?

ப: உங்கள் கணவருக்குப் பெரிய ஆள் துணை இருக்கிறது, சகோதரி. எளிய காரணம் போதும் என்றால் விலங்குக்குப் பெரிய மனசைக் கற்பிக்காதே என்று 1894-லேயே எழுதியவர் உளவியலாளர் லாயிட் மார்கன்.

அதற்கு ஓர் உதாரணம்: பெர்லினில் 'கெட்டிக்கார ஹான்ஸ்' என்றொரு குதிரை, கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொன்னது. 1907-ல் உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் குட்டை உடைத்தார். கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியாது! சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் துளி அசையும். குதிரை தட்டுவதை நிறுத்திவிடும். 1904-ல் அதைச் சோதித்த நிபுணர் குழுவின் கண்ணிலேயே படாத அசைவு அது. கணக்குப் போடத் தெரியாத குதிரைக்கு ஆளை எடைபோடத் தெரிந்திருக்கிறது! இது சின்ன மூளை வேலையா?

அதே மார்கன், தனியாகச் சான்று கிடைத்தால் பெரிய மனசையும் ஒப்புக்கொள்ளலாம் என்று பிறகு சேர்த்து எழுதினார். அந்தப் பாதியைத்தான் பலரும் மறந்துவிட்டார்கள்.

நான் சான்றின் கட்சி. பத்து நாள் வாசலில் பிஸ்கட் தராமல் இருந்து பாருங்கள். பதினோராம் நாளும் வந்து நின்றால் கணவரிடம் காட்டிவிட்டு, எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.