உலகின் தலைசிறந்த பாஸும் ஒரு பெட்டி சமோசாவும்

மைக்கேல் ஸ்காட்டை விட்டுவிடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

போன சனிக்கிழமை எங்களுக்கு லீடர்ஷிப் பயிற்சி. சனிக்கிழமை என்பதைக் கவனியுங்கள். ஓட்டல் ஹால், வட்ட மேஜை, எலும்பைக் குடையும் ஏசி, மேஜைக்கு ஒரு கிண்ணம் புதினா மிட்டாய். நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள், வர்ணிக்க வேண்டியதில்லை. பயிற்சியாளர் திரையில் போட்ட முதல் படமே 'வேர்ல்ட்ஸ் பெஸ்ட் பாஸ்' என்று எழுதிய காபிக் கோப்பையுடன் மைக்கேல் ஸ்காட். கீழே, 'இந்த பாஸிடம் கற்க வேண்டிய ஏழு பாடங்கள்'.

எனக்கு வயிறு எரிந்தது. காரணம், அந்த ஆள் எனக்கு வேண்டியவர். அவருடைய அமெரிக்க 'தி ஆபீஸ்' தொடரை, 2005 முதல் 2013 வரை வந்த 201 எபிசோடுகளையும், சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்க்கிற ஜாதி நான். "மறுபடியும் அந்தக் காகிதக் கடைக்காரனா?" என்று வீட்டில் கேட்காத நாளில்லை. ஆமாம், காகிதக் கடைதான். பென்சில்வேனியா மாநிலத்து ஸ்க்ரான்டன் ஊரில் டண்டர் மிஃப்ளின் என்ற காகிதக் கம்பெனியின் கிளைக்கு அவர் மேனேஜர். காகிதம் விற்பதில் சூரன். அதற்குத் தண்டனையாக மேனேஜராக்கிவிட்டார்கள். லாரன்ஸ் பீட்டர் என்பவர் 1969-லேயே இந்த வியாதிக்குத் தன் பெயரை வைத்துப் புத்தகம் போட்டுவிட்டார்: ஒருவனுக்கு எந்த வேலை வராதோ அது கிடைக்கிற வரைக்கும் பதவி உயர்வு கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அப்படிப்பட்ட மனிதரைப் பார்த்துச் சிரிப்பதற்காக எடுத்த தொடர் அது. அதில் போய்ப் பாடம் பொறுக்குகிறார்கள்.

முதல் பாடம் தன்னம்பிக்கை. சாட்சி அந்தக் கோப்பை. அந்தக் கோப்பையைக் கடையில் காசு கொடுத்துத் தானே வாங்கிக்கொண்டதாக முதல் எபிசோடிலேயே மைக்கேல் சொல்லிவிடுகிறார். கையைத் தூக்கி இதைச் சொன்னேன். "எக்ஸாக்ட்லி சார்! செல்ஃப் மோடிவேஷன்!" என்றார் பயிற்சியாளர். அதோடு கையை இறக்கிவிட்டேன்.

இரண்டாம் பாடம், பொறுப்பைப் பகிர்ந்தளித்தல். இதற்கு அவர் எடுத்துக்கொண்டது முதல் சீசனின் மூன்றாவது எபிசோடு. இந்த அநியாயத்தைக் கேளுங்கள். மேலிடத்து உத்தரவு: ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுச் செலவைக் குறைக்க வேண்டும். கெட்ட பெயர் வரும் காரியம். மைக்கேல் முதலில் தன் ஊழியன் ஜிம்மிடம் தள்ளிப் பார்க்கிறார், அவன் கழன்றுகொள்கிறான். உடனே இன்னொரு ஊழியன் டுவைட்டின் தலையில் கட்டிவிட்டு, தன் அறைக்குள் போய் ஓயாத வேலைபோல நடிக்கிறார். டுவைட் இருக்கிற சலுகையெல்லாம் வெட்டித் தள்ளுகிறான். ஊழியர்கள் கொதிக்கிறார்கள். அப்போது மைக்கேல் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்கிறார்: சாயந்திரம் எல்லாருக்கும் ஒரு சர்ப்ரைஸ் இருக்கிறது.

சர்ப்ரைஸ்! என்ன தருவது என்று அவருக்கே தெரியாது. ஐஸ்கிரீம் சாண்ட்விச் கொடுத்துப் பார்க்கிறார். இதுதானா என்று முகம் சுளிக்கிறார்கள். இல்லை இல்லை, இது வேறு, நிஜ சர்ப்ரைஸ் வரும் என்கிறார். கடைசியில் எல்லாரும் வட்டமாக நின்று அவர் வாயையே பார்க்கிறார்கள். அவரிடம் ஒன்றுமில்லை. நிற்கிறார். அவ்வளவுதான் எபிசோடு.

இதைப் பகிர்ந்தளித்தல் என்று சொல்ல ஒரு மனிதருக்கு எப்படி மனம் வரும்? எங்கள் கம்பெனியில் இந்த வருஷம் மருத்துவக் காப்பீட்டிலிருந்து பெற்றோரை எடுத்துவிட்டார்கள். மெயில் அனுப்பியது ஒரு பொதுவான முகவரி. கையெழுத்து 'டீம் எச்ஆர்'. மேனேஜர் அன்று முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு 'கால்'-இல் இருந்தார். நாலு மணிக்கு சமோசா வந்தது.

சமோசாவைப் பற்றி எனக்கு ஒரு ஆராய்ச்சி உண்டு. அலுவலகத்தில் கெட்ட செய்தி எவ்வளவு பெரிது என்பதைத் தின்பண்டத்தை வைத்தே சொல்லிவிடலாம். வெறும் பிஸ்கட் என்றால் பயமில்லை, பார்க்கிங் இடத்தை மாற்றியிருப்பார்கள். சமோசா என்றால் சலுகையில் ஏதோ போயிற்று. சமோசாவுடன் தனிக் கிண்ணத்தில் புளிச்சட்னி வந்தால் இன்க்ரிமென்ட் அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போய்விட்டது. சட்னியுடன் குலாப் ஜாமூனும் சேர்ந்தால் அந்த இன்க்ரிமென்ட் அடுத்த காலாண்டிலும் வராது. வெஜ் பஃப் என்றால் வீட்டிலிருந்து வேலை செய்யும் வசதி போயிற்று. பஃப் தின்றால் சட்டையெல்லாம் உதிரும், ஆகவே கேள்வி கேட்க எழுந்திருக்க மாட்டோம் என்று யோசித்தே தேர்ந்தெடுத்திருப்பார்கள். எங்கள் ஃப்ளோரில் ஒரு சீனியர் அண்ணன் இருக்கிறார், பெட்டியைத் திறக்காமல் வாசனையிலேயே சொல்லிவிடுவார். ஒருநாள் மூக்கை உறிஞ்சிவிட்டு, "தம்பி, பனீர் ரோல்டா. டிராவல் அலவன்ஸ் காலி" என்றார். காலி. பீட்ஸா வந்தால் புது மேனேஜர் வருகிறார் என்று அர்த்தம்; ஆளுக்கு ஒரு துண்டு கிடைக்கிறதா இரண்டா என்பதைப் பொறுத்து பழையவர் தானாகப் போனாரா, அனுப்பப்பட்டாரா என்பது தெரியும். கேக் மட்டும் வரக் கூடாது. பிறந்தநாளும் இல்லாமல், கிறிஸ்துமஸும் இல்லாமல், நடுவாரத்தில் கேக் வந்தால் லேப்டாப்பில் இருக்கிற குடும்பப் போட்டோக்களை உடனே காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ்கிரீம் சாண்ட்விச் இந்தப் பட்டியலில் எங்கே வரும் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். சட்னி இல்லாத சமோசாவுக்குச் சமம் என்பது என் முடிவு. அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை, குளிர்ச்சியான பதார்த்தம் எதுவும் நல்லதற்கில்லை என்கிறார்.

எங்கே விட்டேன்? பாடங்கள். மூன்றாவது, ஊழியர் நலன். நாலாவது சீசன் தொடக்கத்தில் மைக்கேல் தன் ஆபீஸ் வாசலிலேயே மெரிடித் என்ற ஊழியர்மீது காரை ஏற்றிவிட்டு, பிறகு ரேபிஸ் விழிப்புணர்வு ஓட்டம் நடத்துகிறார். ஓட்டம் மட்டும் ஸ்லைடில் இருந்தது. கார் இல்லை. நாலாவது, தொலைநோக்கு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பத்து வருஷம் கழித்து லேப்டாப் பேட்டரி கொடுக்கிறாரே, அந்த எபிசோடு. லேப்டாப் அல்ல, பேட்டரி. என்னால் அதை இன்றைக்கும் விரல் இடுக்கு வழியாகத்தான் பார்க்க முடிகிறது. "பெரிதாகக் கனவு காணுங்கள்" என்றார் பயிற்சியாளர்.

ஐந்தாவதில்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. ரிசப்ஷனிஸ்ட் பாம் வரைந்த ஓவியங்களைக் கண்காட்சியில் வைக்கிறாள். வந்தவர்களில் ஒன்றிரண்டு பேர் நோகும்படி பேசிவிட்டுப் போகிறார்கள். எல்லாம் முடிந்து அவள் படங்களைக் கழற்றும் நேரத்தில் மைக்கேல் வந்து, தங்கள் ஆபீஸ் கட்டடத்தை வரைந்த படத்தைப் பார்த்து மெய்யாகவே பூரித்துப்போகிறார். இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும், மறைப்பானேன். பயிற்சியாளரின் ஸ்லைடு என்ன சொன்னது தெரியுமா? 'பாராட்டுக்குச் செலவே இல்லை'.

யோவ், அந்த ஆள் விலை கேட்டாரய்யா! காசு கொடுத்து வாங்கி ஆபீஸ் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். இத்தனை சீசனில் உருப்படியாகச் செய்த அந்தக் காரியத்துக்கு அவர் தன் பர்ஸைத் திறக்க வேண்டியிருந்தது. முன்வரிசையில் எங்கள் மேனேஜர் 'செலவே இல்லை' என்பதை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார். இரண்டு கோடு வேறு போட்டார்.

ஆறும் ஏழும் நினைவில்லை. பிரேக்கில் மசால் வடை வைத்தார்கள். அதன் பொருள் என்னவென்று நானும் அண்ணனும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு பயிற்சியாளர் எல்லாரையும் எழுந்து கைதட்டச் சொன்னார். அப்போதுதான் இவரை எங்கே பார்த்திருக்கிறேன் என்பது விளங்கியது. மைக்கேலுக்கு மூத்தவர் ஒருவர் உண்டு: 2001-இல் பிபிசியில் வந்த மூல 'தி ஆபீஸ்' தொடரின் டேவிட் பிரென்ட், இங்கிலாந்தின் ஸ்லவ் ஊர்க்காரர். பயிற்சி வகுப்பு நடக்கும்போது வீட்டுக்குப் போய் கிடார் எடுத்துவந்து பாடியவர். அந்த வகுப்பிலேயே அவருடைய ஊழியன் டிம் வேலையை விடுகிறேன் என்று எழுந்துவிட்டான். பயிற்சியால் விளைந்த ஒரே நன்மை. இரண்டாவது சீசனில் பிரென்ட்டே தன்னம்பிக்கைப் பேச்சாளராகிறார். பேஸ்பால் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, டேப்பில் பாட்டை அலறவிட்டு, எல்லாரையும் கைதட்டச் சொல்லிக்கொண்டே அறையைவிட்டு ஓடுகிறார். ஹாலில் ஒரு பயலும் சிரிக்கவில்லை.

அதற்கு அடுத்த எபிசோடில், ஒரு பெரிய பறவையின் வேஷத்தில் நிற்கும்போது, அவருக்கு வேலை போகிறது. எங்கள் பயிற்சியாளருக்குத் தீபாவளி வரைக்கும் தேதியே இல்லையாம்.