எற்பாட்டுப் பயணம்: மட்டக்களப்பு வாவிக் கரைகளில் உதைபந்தாட்ட இரசிகர் மைதானம் சேரும் முறைமை குறித்த ஓர் ஆய்வு

உதைபந்தாட்டம் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் பந்தின் சுற்றளவு, கோல் கம்பத்தின் உயரம், நடுவரின் பார்வைக் குறைபாடு ஆகிய யாவும் போதிய அளவு ஆராயப்பட்டிருக்க, ஆட்டத்தைப் பார்க்க வந்தவர் எவ்வாறு வந்து சேர்ந்தார் என்னும் அடிப்படை வினாவை மட்டும் அறிஞர் எவரும் தீண்டாமல் விட்டிருப்பது புலமை உலகுக்கு நேர்ந்த இழுக்கு எனலாம். ஆட்டக்காரர் பதினொருவர் தொண்ணூறு நிமிடம் ஓடுவதை அளப்பதற்குக் கருவிகள் உள்ளன. அவர்களைப் பார்ப்பதற்காக ஓர் ஊரே சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும் மிதவையிலும் ஏறி ஓடுவதை அளப்பதற்கு ஒரு சொல்கூட உருவாக்கப்படவில்லை. இக்கட்டுரை அக்குறையை மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை ஆய்வுக்களமாகக் கொண்டு நீக்க முற்படுகிறது.

முதலில் கலைச்சொற்களை வரையறுத்தல் வேண்டும். இங்கு ‘இரசிகர்’ எனப்படுபவர் தம் ஊர்க் கழகத்தின் பொருட்டுப் போட்டி நாளன்று, திரும்பி வரும் வழியைப் பற்றிச் சிறிதும் எண்ணாமல், வீட்டை விட்டுப் புறப்படுபவர் ஆவார். திரும்பி வரும் வழியை எண்ணிப் புறப்படுபவர் பார்வையாளர் மட்டுமே. ‘சொந்த மைதானம்’ என்பதை வரையறுப்பது இதைவிடக் கடினமானது. மேலைநாட்டு நூல்களில் அது ஒரு கழகத்துக்கு உரிமையான, சுற்றுமதிலும் இருக்கைகளும் கொண்ட இடமாக விளக்கப்படும். இப்பிரதேசத்தின் கிராமக் கழகங்களுக்கோ மைதானம் என்பது பெரும்பாலும் பாடசாலைக்கோ பிரதேச சபைக்கோ உரிய நிலமாகவும், காலை வேளையில் மாடுகளின் அனுபவ பாத்தியதைக்கு உட்பட்டதாகவும் இருப்பதால், ‘சொந்தம்’ என்னும் அடைமொழிக்குச் சட்டத்தில் பொருள் தேடிப் பயனில்லை. அதன் பொருளைப் போக்குவரத்திலேயே தேட வேண்டும் என்பதே இவ்வாய்வின் துணிபு.

வாவியின் அமைப்பை அறியாதவருக்கு இத்துணிபு விளங்காது. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு, 141 சதுர கிலோமீற்றர் அளவில் பரந்து கிடக்கும் இந்நீர்ப்பரப்பு பிரதேசத்தை இரண்டாகப் பிளக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடையிலான நிலம் சூரியன் எழுகின்ற பக்கமாதலால் எழுவான்கரை எனவும், வாவிக்கு மேற்கேயுள்ள வயல் நிலம் சூரியன் படுகின்ற பக்கமாதலால் படுவான்கரை எனவும் வழங்கும். எழுவான்கரை ஊர்கள் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுதாவளை, களுவாஞ்சிகுடி என்று ஒரே பிரதான வீதியில் மணி கோத்தாற்போல் அமைந்தவை. இவ்வூர்களின் இரசிகர் வீதியில் வந்து நின்று, எந்தத் திசை வாகனத்துக்குக் கை காட்டுவது என்று தீர்மானித்தாலே பாதிப் பயணம் முடிந்துவிடும். படுவான்கரை இரசிகருக்கு முன்னால் நிற்பது வீதியன்று, தண்ணீர்.

நூல்களில் ‘வாவி’ என்று எழுதப்படும் இத்தண்ணீரைக் கரையில் வாழ்வோர் ‘ஆறு’ என்றே அழைக்கின்றனர். புவியியலாளர் இதைப் பிழையெனத் திருத்த விரும்பலாம். ஆனால் பழந்தமிழில் ஆறு என்ற சொல்லுக்கு வழி என்னும் பொருளும் உண்டென்பதும், வள்ளலிடம் செல்லும் வழியைக் காட்டும் நூல் ஆற்றுப்படை எனப்பட்டதும் நினைவிலிருப்போர் அவ்வாறு திருத்த முற்படார். இனி, இந்த ஆற்றைக் கடக்க உதவும் ஊர்திக்கு இப்பிரதேசத்தில் வழங்கும் பெயர் ‘பாதை’ என்பதாகும். பாதை என்பது ஆட்களையும் சைக்கிள், மோட்டார் சைக்கிள் முதலியவற்றையும் சேர்த்தேற்றித் துறைக்குத் துறை செல்லும் தட்டையான தளமுடைய மிதவை. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும், குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும், வடக்கே சந்திவெளிக்கும் திகிலிவெட்டைக்கும் இடையிலும் ஓடியவை இவ்வகையின. உலகின் பிற பாகங்களில் பாதை அசையாது கிடக்க, மனிதர் அதன்மேல் நடந்து செல்வர். இங்கே மனிதர் அசையாது நிற்க, பாதை நடந்து செல்கிறது. “பாதை அக்கரையில நிக்கிது” என்று துறையில் ஒருவர் சொல்லக் கேட்ட வெளியூரார் அதனைச் சித்தர் வாக்காகக் கொள்ளக்கூடும். போட்டி தொடங்கப் பத்து நிமிடம் இருக்கையில் கேட்கும் இரசிகருக்கு அதில் மறைபொருள் ஏதுமில்லை.

ஒப்பீட்டுக்கு இத்தாலியின் வெனிஸ் நகரை எடுத்துக்கொள்ளலாம். அங்கும் களப்பு உண்டு; 1913-இல் திறக்கப்பட்ட பியர் லூயிஜி பென்சோ மைதானம் சாந்த் எலெனா என்னும் தீவில் அமைந்திருப்பதால், வெனேசியா கழகத்தின் இரசிகர் பலர் பயணிகள் படகிலேயே ஆட்டத்துக்குச் செல்கின்றனர். உலகின் பயண எழுத்தாளர்கள் இதைக் கண்டு வியந்து எழுதியுள்ளனர். ஆயினும் வெனிஸ் நகரத்தார் படகைப் படகு என்றே அழைக்கின்றனர் என்பதும், அப்படகில் எவரும் உரப்பையோ கோழியையோ மோட்டார் சைக்கிளையோ ஏற்றுவதில்லை என்பதும் கருதத்தக்கன. அங்கே நீர்வழி நகரின் அழகு. இங்கே அது போட்டியின் விதிகளுள் ஒன்று, எழுதப்படாதது.

தரைவழி ஊர்திகளை ஆராய்வதற்கு ‘ஏற்றக்கெழு’ என்னும் புதிய அளவை இங்கு அறிமுகப்படுத்தப்படுகிறது. ஓர் ஊர்தியில் உண்மையாக ஏறியோர் தொகையை, அவ்வூர்தியைச் செய்தவர் மனத்தில் எண்ணியிருந்த தொகையால் வகுக்க வரும் ஈவே ஏற்றக்கெழு ஆகும். சைக்கிள் ஒருவருக்காகச் செய்யப்பட்டது. போட்டி நாளில் இருக்கையில் ஒருவரும், இருக்கைக்கும் கைபிடிக்கும் இடைப்பட்ட குழாயாகிய ‘பாரில்’ ஒருவரும், பின்சில்லின் மேலுள்ள கம்பித்தட்டாகிய ‘கரியலில்’ ஒருவரும் செல்வதால் அதன் ஏற்றக்கெழு 3 ஆகிறது. மோட்டார் சைக்கிளில் மூவர் சென்றாலும் அதன் கெழு 1.5 மட்டுமே, இயந்திரம் புகுந்தவுடன் மனித ஒற்றுமை பாதியாகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. சைக்கிளைப் பொறுத்தவரை இன்னுமொரு நியதி உண்டு: போகும்போது மிதிப்பவர் வண்டியின் சொந்தக்காரர்; வரும்போது மிதிப்பவர் ஆட்டத்தின் முடிவை மிகவும் பிழையாக எதிர்வுகூறியவர்.

படுவான்கரையின் உள்ளூர்களிலிருந்து துறைவரை வருவதற்கு உழவு இயந்திரத்தின் பெட்டி பெரிதும் உதவுகிறது. பெட்டி என்பது இயந்திரத்தின் பின்னால் கொழுவப்படும், நெல் மூட்டை ஏற்றுவதற்கான இழுவைத் தொட்டி. அதில் ஏறியோர் எவரும் உட்காருவதில்லை என்பதும், இயந்திரத்தின் இரைச்சலில் பேச்சு எடுபடாது என்பதால் கழகத்தின் நிர்வாகம் பற்றிய கருத்து வேறுபாடுகள் யாவும் தற்காலிகமாக மறைகின்றன என்பதும் அதன் சிறப்புகள். அடுத்து ‘பட்டா’. தமிழகத்து வாசகர் இதனை நில உரிமைப் பத்திரமெனக் கொள்ளலாகாது. இலங்கையில் சந்தைப்படுத்தப்பட்ட வணிகப் பெயரால் சிறிய சரக்கு வாகனமொன்று இவ்வாறு வழங்குகிறது. மரக்கறியும் மீன் பெட்டியும் ஏற்றுவதற்கென்றே அதன் பின்தட்டு அமைக்கப்பட்டிருப்பதால், அங்கே செல்ல வேண்டிய மனிதர் தொகையாகச் செய்தவர் எண்ணியது பூச்சியம் ஆகும். பூச்சியத்தால் வகுத்தல் கணிதத்தில் இடமில்லாத செயல். ஆகவே பட்டாவின் ஏற்றக்கெழுவை வரையறுக்க இயலாது என்று எழுதிவிட்டு அப்பால் செல்வதே அறிவுடைமை. கொல்கத்தாவில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய கழகங்களின் இரசிகர் திறந்த லொறிகளில் மைதானம் செல்லும் வழக்கம் உண்டாதலின், இவ்விடர் மட்டக்களப்புக்கு மட்டும் உரியதன்று. புகையிரதம் இந்த ஆய்வில் இடம்பெறாது; அதன் தண்டவாளம் மட்டக்களப்பு நகரோடு முடிந்துவிடுவதால் தெற்கூர் இரசிகருக்கு அதனால் பயனில்லை.

ஏற்றக்கெழு நிலையானதன்று என்பதை 2022-ஆம் ஆண்டு நிறுவியது. எரிபொருள் தட்டுப்பாட்டின் விளைவாக அவ்வாண்டு கியூ.ஆர். குறியீட்டு முறை நடைமுறைக்கு வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரமொன்றுக்கு 4 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும் என்று தொடக்கத்தில் அளந்து கொடுக்கப்பட்டபோது, மூலையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த சைக்கிள்கள் நாடெங்கும் காற்றடிக்கப்பட்டுத் தெருவுக்கு வந்தன. நாடு பின்னோக்கிச் சென்றது என்று பொருளியலாளர் இதைக் குறித்திருக்க, இவ்வாய்வின் அளவுகோல்படி கெழு 1.5-இலிருந்து 3-க்கு உயர்ந்ததை முன்னேற்றம் என்றே பதிய வேண்டியிருக்கிறது. மறு ஆண்டு சனவரியில் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய பீஃபா இலங்கையை இடைநிறுத்தி, ஆகஸ்ட் மாதத்தில் தடையை நீக்கியது. அத்தடை பாதைத் துறைகளுக்குப் பொருந்தும் என்று அதில் எங்கும் சொல்லப்பட்டிருக்கவில்லை.

இனி நேரம் பற்றியது. வெயிலின் கடுமை காரணமாகக் கிராமத்துப் போட்டிகள் மாலை நான்கு மணியளவில் தொடங்குவதாக அறிவிக்கப்படும். 45 நிமிட ஆட்டம், 15 நிமிட இடைவேளை, மீண்டும் 45 நிமிட ஆட்டம் என 105 நிமிடங்களைக் கூட்டினால் 5.45-க்கு யாவும் முடிந்திருக்க வேண்டும். கார்த்திகை மாதத்தில் ஏறத்தாழ அதே வேளையில் இப்பிரதேசத்தில் சூரியன் மறைகிறது. ஆடியில் அதற்குச் சற்றேறக்குறைய 40 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் இக்கணக்கில் பிரதம அதிதி சேர்க்கப்படவில்லை. பிரதம அதிதி என்பவர் போட்டியைத் தொடக்கி வைப்பதற்காக அழைக்கப்பட்டு, மாலையும் பொன்னாடையும் ஏற்று, இரு அணியினருக்கும் கைலாகு கொடுத்து, பந்தை ஒருமுறை மெதுவாக உதைப்பவர். மைதானத்துக்கு வரும் அனைவரிலும் மிக வேகமான வாகனம் உடையவர் அவரே. மிகவும் பிந்தி வருபவரும் அவரே. வேகத்துக்கும் வந்துசேரும் நேரத்துக்கும் இடையே எத்தொடர்பும் இல்லை என்பதை இயற்பியலாளர் இங்கு வந்து கண்டுகொள்ளலாம்.

தொல்காப்பிய மரபில் நெய்தல் திணைக்கு உரிய சிறுபொழுது எற்பாடு எனப்படும். எல் என்பது ஞாயிறு, பாடு என்பது படுதல். ஞாயிறு மேற்கே சாய்ந்து மறையும் பிற்பகற் பொழுதே அது. படுவான்கரை என்னும் பெயரிலும் இதே படுதல்தான் இருக்கிறது. எனவே எழுவான்கரை மைதானமொன்றில் அமர்ந்திருக்கும் படுவான்கரை இரசிகருக்குக் கைக்கடிகாரம் தேவையில்லை; ஆட்டத்துக்கு மேலாகத் தலையைச் சற்று உயர்த்தினால் தம் ஊரின்மேல் ஞாயிறு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைக் காணலாம். ஒரு கண் பந்தில், ஒரு கண் ஊரில். பாதைச் சேவை இருட்டுக்குப் பிந்தி நீடிக்காதாகையால், ஆட்டம் சமநிலையில் இருக்கும்போதே துறையை நோக்கிச் செல்ல வேண்டிய நிலை அவருக்கு நேர்கிறது. உலகெங்கும் உதைபந்தாட்டம் 90 நிமிடம் என்றிருக்க, கடைசிப் பாதையைப் பிடிக்க வேண்டியவருக்கு அது ஏறத்தாழ 75 நிமிட ஆட்டம். மேலதிக நேரமும் பெனால்டி உதைகளும் அவருக்கு மறுமையைப் போன்றவை, நம்பலாம், கண்டவரில்லை.

இதிலிருந்து சொந்த மைதானத்துக்கான வரைவிலக்கணம் கிடைத்துவிடுகிறது. இறுதி விசில் வரை சூரியனைப் பாராமல் ஒருவர் எங்கே அமர்ந்திருக்க முடிகிறதோ அதுவே அவருடைய சொந்த மைதானம். சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்கு அனுகூலம் உண்டென்று வல்லுநர் கூறுவதற்குப் புல்லின் பழக்கமும் இரசிகரின் ஆரவாரமும் காரணமாகக் காட்டப்படுவதுண்டு. இங்கே அவ்வனுகூலம் கடைசிக் கால் மணி நேரத்தில் எதிரணி இரசிகர் துறையில் வரிசையில் நிற்பதால் விளைவதாகும். இவ்வரைவிலக்கணத்தின்படி, இடைவேளைக்கு முன்பே வேறு நிகழ்ச்சிக்குப் புறப்பட்டுவிடும் பிரதம அதிதிக்கு உலகில் எங்குமே சொந்த மைதானம் கிடையாது. இதைக் குறித்து வருந்துவதற்கு அவருக்கும் நேரம் கிடையாது.

பாலங்கள் இந்நிலையை ஓரளவு குலைத்துள்ளன. ஆளுநர் வில்லியம் மானிங்கின் துணைவியார் பெயரைத் தாங்கி 1924-இல் எழுந்த கல்லடிப் பாலம் ஒடுங்கியது. ஒரு திசை வாகனங்கள் கடக்கும்வரை மறு திசையினர் காத்திருக்க நேர்ந்தது. ஆதலால் அமெரிக்க இயேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயர் தாங்கிய நகரத்து வெபர் மைதானத்துக்குத் தெற்கிலிருந்து சென்றோருக்கு, போட்டியின் முதல் மோதல் அப்பாலத்தின் முனையிலேயே நிகழ வாய்ப்பிருந்தது. 2013-இல் புதிய பாலம் பக்கத்திலேயே திறக்கப்பட்ட பின்னர் இரு தரப்பாரும் நிற்காமல் கடந்து சென்று, தம் வசவுகளை மைதானம்வரை சேமித்து வைக்க வேண்டியதாயிற்று. 2014-இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதோடு அத்துறையின் பாதை ஓய்வுபெற்றது. படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைப் பகுதி இரசிகர் அன்று முதல் பெனால்டி உதைகளைக் காணத் தகுதி பெற்றனர். தெற்கே கிட்டங்கித் தாம்போதியின் மேல் மாரி வெள்ளம் பாயும் நாட்களில், தாம்போதி என்பது நீர் மேலே வழிந்தோட இடம்விட்டுத் தாழ்வாகக் கட்டப்பட்ட சாலையாதலால், சாலை மீண்டும் ஆறாகிவிடுகிறது. வடகீழ்ப் பருவமழை வலுத்தால் மைதானமே குளமாகிவிடும் என்பதால் அப்போது போக வேண்டிய தேவையும் இல்லை.

எஞ்சியிருப்பது திரும்பும் பயணம். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று இலக்கணம் கூறும், மருதத்துக்கு ஊடல். வயல் சூழ்ந்த கரைக்கு நீர்வழியே திரும்பும் தோல்வியுற்ற இரசிகரிடம் இவ்விரண்டும் கலந்திருப்பதைத் திணை மயக்கம் என்று ஏற்கலாம்: தம் அணிக்காக இரங்கல், நடுவரோடு ஊடல். ஆனால் கடைசிப் பாதையில் ஏறியவருக்குத் தாம் தோல்வியுற்றோமா என்பதே தெரியாமலிருக்கும் நிலைதான் இவ்வாய்வில் மிகவும் சிக்கலானது. நடு ஆற்றை அடையும் வேளையில் மைதானத்திலிருந்து ஓர் ஆரவாரம் நீரின்மேல் தவழ்ந்து வரும். கோல் விழுந்துவிட்டது என்பது அதனால் புலப்படும், எவருடைய கோல் என்பது புலப்படாது. தளத்தில் ஒருவர் கைப்பேசியை எடுத்து, மைதானத்தில் எஞ்சியிருக்கும் மைத்துனரை அழைப்பார். மறுமுனையில் சொல் எதுவுமின்றிக் கூச்சல் மட்டும் கேட்கும். அது மகிழ்ச்சிக் கூச்சலா, வயிற்றெரிச்சல் கூச்சலா என்று கைப்பேசி கைமாறி, ஒவ்வொருவர் காதிலும் வைக்கப்பட்டு, ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கையில் பாதை கரையில் முட்டி நிற்கும்; சைக்கிளில் வந்தவர்கள் யார் மிதிப்பது என்பதைத் தீர்மானிக்க முடியாமல் துறையிலேயே நிற்பர்.