இரைச்சல் தல புராணம்

பம்பாய்க்கு 1882இல் டெலிபோன் வந்தது. இரைச்சலும் கூடவே வந்து இறங்கியது. டெலிபோனுக்காவது ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி என்று இங்கிலாந்தில் ஒரு தாய்வீடு உண்டு, சர்க்கார் கொடுத்த லைசென்ஸ் உண்டு. இரைச்சலுக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இந்த ஊரில் காகிதம் இல்லாமல் குடியேறியவர்களை யாரால் கிளப்ப முடிந்திருக்கிறது?

ஆதிகால டெலிபோன்காரர்கள் சிக்கனத்தில் திருநெல்வேலி அண்ணாச்சிகளுக்கே அண்ணன்மார். மின்சாரம் போவதற்கு ஒரு கம்பி போடுவார்கள். திரும்பி வருவதற்கு? பூமாதேவி இருக்கிறாளே, அவளுக்கு என்ன வாடகையா கொடுக்க வேண்டும்! ஆனால் பூமாதேவி பொறுமைசாலி. யார் எதைக் கொட்டினாலும் வாங்கிக்கொள்வாள். டிராம்காரனும் தன் மின்சாரத்தைத் தண்டவாளம் வழியே அவள் மடியில்தான் இறக்கினான். மின்சார டிராம் ஓடிய ஊர்களில் ஒற்றைக் கம்பி டெலிபோனை எடுத்தவன் காதுக்குள்ளேயே டிராம் ஓடியது. பம்பாயில் அந்த டிராம் 1907இல் கிளம்பியது.

இதற்கு மருந்து முன்பே இருந்தது. இரண்டு கம்பிகளைச் சடை பின்னுகிற மாதிரி முறுக்கிவிட்டால், வெளியிலிருந்து வரும் உபத்திரவம் இரண்டிலும் சமமாக ஏறி ஒன்றையொன்று தின்றுவிடும். கிரகாம் பெல் 1881லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். கம்பிச் செலவு இரட்டிப்பாகும் என்பதால் கம்பெனிகள் காதில் அது சட்டென்று விழவில்லை. லைனில் அவ்வளவு இரைச்சல்.

பிறகு கேபிளைப் பூமிக்கடியில் புதைத்தார்கள். ஈயக் குழாய்க்குள் செம்புக் கம்பிகள், ஒவ்வொன்றுக்கும் காகிதச் சட்டை. நாலு மாதம் மழை கொட்டுகிற ஊரில் காகிதம்! ஈயத்தில் ஓர் ஊசி ஓட்டை விழுந்தால் போதும், ஜூன் பிறந்ததும் லைன் முழுக்க அப்பளம் பொரியும். மாட்டுங்கா மாமி ரசப்பொடிக்கு மிளகு அளவு சொல்ல, செம்பூரில் யாரோ அதை ஷேர் விலை என்று குறித்துக்கொள்வார். இந்த லட்சணத்துக்கும் வருஷக்கணக்கில் வரிசை. எண்பதுகளில் தகவல் தொடர்பு அமைச்சராக இருந்த சி.எம். ஸ்டீபன், டெலிபோன் ஆடம்பரம்தான், பிடிக்காதவர்கள் திருப்பிக் கொடுக்கலாம் என்கிற பாணியில் பதில் சொன்னது பிரசித்தம். யார் கொடுப்பார்கள்? இரைந்தாலும் அது அந்தஸ்து.

மின்சார ரயிலுக்கும் இதில் பங்கு உண்டு. 1925இல் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடியபோது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். 2016க்குள் புறநகர்ப் பாதைகள் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறின. வினாடிக்கு நூறு தடவை திசை மாறுகிற அந்த மின்சாரம், பக்கத்தில் இணையாகப் போகும் செம்புக் கம்பியைத் தொடாமலே தூண்டிவிட்டு ரீங்காரம் போட வைக்கும். தாராவிக்கு மேற்கே மாஹிம், கிழக்கே சயான். இரண்டு பக்கமும் தம்பூரா.

இத்தனை பாவத்துக்கும் விமோசனமாக வந்ததுதான் கண்ணாடி இழை. 1966இல் சார்லஸ் காவ் வழி சொன்னார், 2009இல் நோபல் கொடுத்தார்கள். இந்தியாவில் 1979லேயே புனேயில் இரண்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நடுவே போட்டுவிட்டார்கள். புனேயிலிருந்து ரயில் மூன்றரை மணி நேரத்தில் வந்துவிடும். கண்ணாடி இழை தாராவிக்கு, நான் கணக்கு எழுதுகிற தோல் பை ஆபீசுக்கு வந்து சேர நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

வந்த மறுநாளே போனில் "ங்ங்ங்" என்றது.

"கண்ணாடின்னு சொல்லித்தான காச வாங்குனான்? பொறவு எதுக்குல இரையுது?" என்றார் எங்கள் முதலாளி அண்ணாச்சி. மாட்டுங்காவிலிருந்து, டெலிபோன் இலாகாவில் முப்பது வருஷம் கம்பி பிடித்து ஓய்வு பெற்ற ஒரு சாரை அழைத்து வந்தேன். கையில் ஒரு பழைய போன், இடுப்பில் ஒரு கட்டிங் பிளேயர். அவ்வளவுதான் ஆயுதம்.

"அண்ணாச்சி, கண்ணாடியில போறது வெளிச்சம். ரயில் மின்சாரத்தால அத அசைக்க முடியாது. ஆனா அது இந்தப் பொட்டியோட நின்னுடறது. இதுக்கப்புறம் உங்க பழைய செம்புதான்" என்று சொல்லி, பெட்டியில் நேராகத் தன் போனைச் செருகினார். நிசப்தம். ஆக, குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்.

பெட்டியின் அடாப்டரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பார்த்தார். இரைச்சல் கொஞ்சம் இறங்கியது, போகவில்லை. தையல் மெஷின் மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்த போன் ஒயரைப் பிரித்து ஒரு முழம் தள்ளிப் போட்டார். இன்னும் கொஞ்சம் இறங்கியது. கடைசியில், ஆபீசின் உள் லைன்களைப் பிரித்துக் கொடுக்கும் பழைய டப்பாவைத் திறந்தார். ஜாயின்டுகள் பச்சை பூத்துக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே, தெருக் கம்பத்திலிருந்து வந்த பழைய லைன் அப்படியே முறுக்கப்பட்டிருந்தது. மறுமுனையில் எக்ஸ்சேஞ்ச் இல்லை, எதுவுமே இல்லை. ஆனாலும் தெருவில் இருக்கிற மின்சாரத்தை எல்லாம் மோந்து கொண்டுவந்து புது லைனில் கொட்டிக்கொண்டிருந்தது. செத்தவனுக்குத் திதி கொடுக்காமல் விட்டால் இப்படித்தான். சார் அதை வெட்டினார்.

அண்ணாச்சி போனை எடுத்தார். "ஹலோ... ஹலோ... லைன் செத்துட்டா சார்?"

"சுத்தமா இருக்கு அண்ணாச்சி."

இது அவர் குற்றமில்லை. இணையம் வழியே குரல் போகும் காலத்தில் இன்ஜினியர்களுக்கே இந்தச் சங்கடம் வந்தது. யாரும் பேசாத நேரத்தில் எதையும் அனுப்பாமல் விட்டால், லைன் போய்விட்டது என்று ஜனங்கள் வைத்துவிடுகிறார்கள். அதனால் காதுக்கு இதமாகக் கொஞ்சம் பொய் இரைச்சலைத் தயாரித்து ஊதுகிறார்கள். நூறு வருஷம் விரட்டியதைச் சம்பளம் கொடுத்துத் திரும்ப அழைத்துவந்த கதை.

அந்த நேரம் பார்த்து ஆம்பூரிலிருந்து போன். மூன்று மாதமாகத் தோல் பாக்கி. வழக்கமாக அண்ணாச்சி, "சத்தமாச் சொல்லுங்க பாய், ஒண்ணுமே கேக்கல, லைன் சரியில்ல" என்று வைத்துவிடுவார். அன்று பாய் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம்கூட இந்தப் பக்கம் கேட்டது. பன்னிரண்டு நிமிஷம். "ஆமா பாய்", "தெரியும் பாய்" தவிர அண்ணாச்சி வாயில் வேறு வார்த்தை இல்லை.

போனை வைத்தார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். வெட்டிப் போட்டிருந்த கம்பியைக் குனிந்து எடுத்து சார் முன்னால் நீட்டினார்.

"இதுக்கு மட்டும் தனியா ஒரு சுவிச்சு வச்சுத் தர முடியுமா சார்?"